துழாவிக்கு ஒரே ஆள்

அலுவலகத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். கடைசியில் வாசல் காவலாளிகூட, "தராசம்மா, உங்களுக்குப் பார்சல் வந்திருக்கு" என்று சொல்லுமளவுக்கு அது நிலைத்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வைத்த பெயர் பொருந்தாமல் இருந்தால் மறுக்கலாம், பொருந்துகிறதே, என்ன செய்வது என்று விட்டுவிட்டாள்.

நூலகங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்ன நிறுவனம் அது. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது, யார் எடுத்துப் போயிருக்கிறார், எப்போது திரும்பி வரும் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் மென்பொருள். அலுவலகம் மாடியில். கீழே ஒரு பல் மருத்துவர். அவர் இயந்திரத்தை ஓட்டினால் அந்தச் சத்தம் தரை வழியாக ஏறி நாற்காலிக் கால் வரைக்கும் வரும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் கொஞ்ச நாளைக்குத் தாடையைப் பிடித்துக்கொண்டே வேலை பார்ப்பார்கள்.

அவளும் அப்படித்தான் ஒரு காலத்தில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சேர்ந்தது புத்தகத் தலைப்புகளைத் தட்டச்சு செய்கிற வேலைக்கு. தட்டச்சு செய்தவள் மென்பொருளில் எங்கே இடிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். அதனால் சோதித்துப் பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு நாள், நிரலாளர் ஒருவர் ஒரு புதுக் கருவியைக் கொண்டுவந்து, உலகமே இதைத்தான் பயன்படுத்துகிறது என்றார். அவள் அதை எடுத்துப்போய், அதன் கையேட்டில் சொன்னபடி ஒவ்வொரு படியாகச் செய்து பார்த்தாள். நடுவில் ஒரு படிக்கு ஒரு கோப்பு தேவைப்பட்டது. அந்தக் கோப்பு அதற்கு அடுத்த படியில்தான் உருவாகும். "உலகமே எப்படிப் பயன்படுத்துதுன்னு தெரியல சார். கையேட்டைப் பார்த்து யாராலயும் இதை நிறுவ முடியாது" என்று மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அன்று முதல் எந்தப் புதுக் கருவியும் அவள் கையைத் தாண்டித்தான் உள்ளே வந்தது.

மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. படத்தைச் சுருக்க ஒன்று, பிழையைப் பிடிக்க ஒன்று, தேட ஒன்று என்று எங்கோ யாரோ எழுதி, உள்ளே இருப்பதை மறைக்காமல் அப்படியே எல்லோர் பார்வைக்கும் வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். ஓப்பன் சோர்ஸ் என்பது இதுதான். சிக்கல் என்னவென்றால், ஒரே வேலைக்கு ஒரு கூடை நிறையக் கருவிகள் கிடக்கும். ஒவ்வொன்றும் தன்னைப் போல இன்னொன்று இல்லை என்று சொல்லிக்கொள்ளும்.

அதில் எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்ப்பது அவள் வேலை. மற்றவர்கள் கழித்துப்போட்ட பழைய கணினி ஒன்றை வைத்திருந்தாள். யாரிடமும் யோசனை கேட்காமல், கையேட்டை மட்டும் பார்த்துக் கருவியை அதில் நிறுவுவாள். ஓட்டிப் பார்ப்பாள், வேண்டுமென்றே தப்புத் தப்பாகக் கொடுத்துப் பார்ப்பாள். பிறகு அந்தக் கருவியின் குறை சொல்லும் பக்கத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். யார் குறை சொன்னார்கள், யார் பதில் போட்டார்கள், எத்தனை நாள் கழித்துப் போட்டார்கள், மரியாதையாகப் போட்டார்களா, எரிந்து விழுந்தார்களா. கருவியை ஓட்டுவதற்கு ஆகிற நேரத்தைவிட இதற்குத்தான் அவளுக்கு அதிக நேரம் ஆகும். பார்த்து முடித்ததை நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு பக்கமாகப் போடுவாள். முதலில் அலுவலகத்துக்காக எழுதியதுதான். நாளாக ஆக, முன்பின் தெரியாத நிரலாளர்கள் எங்கெங்கிருந்தோ வந்து படித்துப் போனார்கள்.

அவள் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நாள் முழுக்க ஆட்களை உட்கார வைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பது அவர் வேலை. அவருடையதும் ஒரு வகையில் அதே தொழில்தான் என்று அவள் சொன்னால், "ஆனா நான் கேட்கிறவங்க யாரும் என்கிட்ட கோவிச்சுக்கிறதில்ல" என்பார்.

வீட்டு மாடியறையில் கொழுந்தன் இருந்தான். கணவருக்குத் தம்பி, கல்யாணம் ஆகாதவன், வேறு ஊர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே நிரல் எழுதுகிறவன். சோடாபுட்டி என்று சொல்வார்களே, அப்படிக் கனமான கண்ணாடி. சின்ன வயசிலிருந்தே கிட்டப் பார்வை. காலையில் நிறுவனத்துக்கு வேலை பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் தன் சொந்தக் கருவியில் உட்காருவான். அந்தக் கருவி பிறந்ததற்கு ஒரு வகையில் அவளே காரணம்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவள் அலுவலகக் கதை ஒன்றைச் சொன்னாள். யாரோ ஒருவர் நூலகத்தில் பள்ளிக்கூடம் பற்றிய புத்தகம் தேடியிருக்கிறார். அவசரத்தில் 'பல்லி' என்று அடித்துவிட்டார். நூலக மென்பொருள் அலமாரி அலமாரியாகப் பல்லி, ஓணான், உடும்பு என்று காட்டியிருக்கிறது. அவரும் பாவம் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

கணவர் புரையேறச் சிரித்தார். கொழுந்தன் சிரிக்கவில்லை. "லகரம் ளகரம் மாத்தி அடிச்சா கண்டுபிடிக்கத் தெரியலையா அதுக்கு?" என்று கேட்டுவிட்டு, தட்டோடு எழுந்து மாடிக்குப் போனான். தட்டு மறுநாள்தான் கீழே வந்தது.

ல, ள, ழ மாறினாலும், ன, ண மாறினாலும், ர, ற இடம் மாறினாலும், ஒற்று விட்டுப்போனாலும், எழுதியவர் மனசில் என்ன இருந்தது என்று ஊகித்துத் தேடும் கருவி ஒன்றை அவன் எழுதினான். இருட்டில் கையை விட்டுத் துழாவுகிற மாதிரி இருக்கிறது என்றார் அண்ணன். துழாவி என்றே பெயர் வைத்தான். எல்லோருக்கும் திறந்து வைத்தான். சில நூலகங்கள் எடுத்துக்கொண்டன, ஒரு அகராதித் தளம் எடுத்துக்கொண்டது, செய்தித் தளங்கள் எடுத்துக்கொண்டன. யாராவது ஒருவர் நன்றி என்று எழுதினால் அன்றைக்குக் கீழே வந்து உட்கார்ந்து எல்லோரோடும் பேசிச் சாப்பிடுவான். வேறு எதற்காகவும் அவன் அதைச் செய்ததாகத் தெரியவில்லை.

இப்படி இருக்கையில், அலுவலகத்தில் பயன்படுத்திவந்த பழைய தேடுகருவியை அதை எழுதியவர்களே கைவிட்டுவிட்டார்கள். புதிது ஒன்று வேண்டும். மேலாளர் அவளைக் கூப்பிட்டு, துழாவி, சல்லடை என்ற இரண்டு பெயரைச் சொன்னார். சல்லடை என்பது பல ஊர்களில் இருக்கும் ஒரு கூட்டம் சேர்ந்து எழுதி வளர்க்கிற கருவி.

"சார், துழாவி என் கொழுந்தன் எழுதினது. இதை வேற யார்கிட்டயாவது குடுங்க."

"தெரியும். அதனால என்ன? நீங்க யாருக்கும் சாதகமா எழுத மாட்டீங்க."

"நான் எழுத மாட்டேன்னு எனக்கே நிச்சயமாத் தெரியாதே சார்."

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். துழாவியைப் பக்கத்து இருக்கைக்காரர் நிறுவி ஓட்டிப் பார்ப்பது, சல்லடையை அவள் பார்ப்பது. சாப்பாட்டு மேசையில் துழாவியைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அதன் உள்ளும் புறமும் பாடமாகியிருந்தது. கையேட்டை மட்டும் பார்த்து நிறுவுகிறேன் என்று அவள் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

பக்கத்து இருக்கைக்காரர் ஒரு கட்டுத் தப்பான தலைப்புகளைத் தயார் செய்தார். எழுத்துப் பிழைகளை வேண்டுமென்றே செய்வது அவருக்குச் சிரமமாக இல்லை, இயல்பாகவே வந்தது. இரண்டு கருவிகளுக்கும் அதையே கொடுத்தார்கள். துழாவி பெரும்பாலும் சரியான புத்தகத்தை முதலிலேயே காட்டியது. சல்லடை பாதித் தலைப்புகளில் தடுமாறியது. நிறுவுவதும் துழாவிதான் சுலபம். கையேடும் துழாவியுடையதுதான் தெளிவு.

"அக்கா, இதுல யோசிக்க என்ன இருக்கு? உங்க வீட்டுக் கருவிதான்" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

அவள் குறை சொல்லும் பக்கங்களைத் திறந்தாள். சல்லடையில் ஒருவர் ஊருக்குப் போனால் இன்னொருவர் பதில் போட்டிருந்தார். புதிய பதிப்பை வெளியிடும் அனுமதி பலரிடம் இருந்தது. சண்டைகளும் இருந்தன, ஆனால் சண்டை ஒரு பக்கம் நடக்க, வேலை ஒரு பக்கம் நடந்தது. துழாவியில் எல்லாப் பதிலும் ஒரே ஆளுடையது. அந்த ஆள் கல்யாண வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் கேட்ட கேள்விகளெல்லாம் அப்படியே நின்றன. அந்தக் கல்யாணத்துக்கு அவளும்தான் போயிருந்தாள். வெளியாட்கள் சிலர் தாங்களே திருத்தம் எழுதி அனுப்பியிருந்தார்கள். பலவற்றுக்குப் பதிலே இல்லை.

அவள் எழுதிய பக்கத்தின் முதல் வரி இது: "இதை எழுதியவர் துழாவியை எழுதியவரின் அண்ணி. படிப்பவர்கள் அதையும் மனதில் வைத்துக்கொள்ளவும்." மேலாளர் அந்த வரியில் விரலை வைத்து, "இது வேணுமா?" என்றார். "வேணும் சார்" என்றாள். கடைசிப் பத்தி இப்படி இருந்தது: "வேலையில் துழாவியே மேல். ஆனால் அதை எழுதுவது, திருத்துவது, வெளியிடுவது எல்லாம் ஒரே ஆள். அவர் இல்லாத நாளில் கருவியும் இல்லை. வருஷக்கணக்காக ஓட வேண்டிய நூலகங்களுக்குச் சல்லடையைப் பரிந்துரைக்கிறேன்."

வெளியிடுவதற்கு முந்தின நாள் கணவரிடம் சொன்னாள்.

"அவன்கிட்ட முன்னாடியே சொல்லிடேன்" என்றார் அவர்.

"சல்லடைக்காரங்ககிட்ட முன்னாடியே சொன்னேனா?"

"அவங்க நம்ம மாடியில குடியிருக்கலையே."

அது உண்மைதான். ஆனாலும் அவள் கொழுந்தனிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவள் அடுப்படியில் காப்பி கலந்துகொண்டிருந்தபோது கொழுந்தன் இறங்கி வந்தான். கையில் போன்.

"அண்ணி, ஒரே ஆள்னு போட்டிருக்கீங்க."

"ஒரே ஆள்தானே?"

"அந்த ஆள் நான்."

"தெரியும். அதனாலதான் அவ்வளவு உறுதியா எழுத முடிஞ்சுது."

"அவர் இல்லாத நாளில்னு வேற எழுதியிருக்கீங்க. நான் என்ன, சாகணுமா?"

"ஊருக்குப் போற நாள்னும் வெச்சுக்கலாம். அன்னைக்குக் கல்யாணத்துக்குப் போனோமே..."

"வேலையில நான்தான் மேல்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு அவங்களை எடுக்கச் சொல்றீங்க? நான் ஆள் சேர்க்கலங்கிறது ஒரு குத்தமா? இவ்வளவு நாள் யார் காசும் வாங்காம, யார் தயவும் கேட்காம..."

"குத்தம்னு எங்கேயும் எழுதல. இருக்கறதை எழுதினேன்."

"இருக்கறதை எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அவள் காப்பியை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. காப்பி ஆறி ஆடை கட்டியது. அதைக் கடைசியில் கணவர்தான் குடித்தார்.

அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. சாப்பிடக் கீழே வருவதும் நின்றது. தேவையானதை அண்ணன் மூலம் சொல்லி அனுப்புவான். "உப்பு கம்மியா இருக்குன்னு சொல்லச் சொன்னான்" என்று கணவர் வந்து நிற்பார். "உப்பு மேசையில இருக்குன்னு சொல்லுங்க" என்பாள் அவள். கண்ணாடிக் கடைக்காரர் படியேறி இறங்கியே இளைத்துப்போனார்.

வெளியிலும் அது சும்மா இருக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்த பலர் துழாவியிலிருந்து சல்லடைக்கு மாறினார்கள். அதைவிட அவனைக் குத்தியது வேறு. முதல் வரியைப் பார்த்த நிரலாளர்களுக்கு அவள் பெயர் தெரியாததால், ஆளாளுக்கு அவளை அண்ணி என்றே எழுத ஆரம்பித்தார்கள். "அண்ணி சொன்னா யோசிக்கவே வேண்டாம்." "அண்ணி இந்தக் கருவியையும் ஒரு பார்வை பாருங்க." முகம் தெரியாத ஊரெல்லாம் அவளை அண்ணி என்று கூப்பிட, கூப்பிட வேண்டியவன் மட்டும் கூப்பிடாமல் மாடியில் உட்கார்ந்திருந்தான்.

அவளுக்கு வருத்தம் இல்லையா என்றால், இருந்தது. எழுதியதைப் பற்றி இல்லை. அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தாள், ஒரு சொல்லையும் மாற்றத் தோன்றவில்லை. அவன் மாடிப்படியில் இறங்கும்போது தான் சமையலறைக்குள் போய்விடுவதும், தான் வெளியே வரும்போது அவன் படியேறிவிடுவதும்தான் அவளுக்குப் பழகவில்லை.

ஒரு நாள் காலை, கண்ணாடிச் சட்டம் தளர்ந்துவிட்டது என்று அவன் அண்ணன் கடைக்குப் போனான். திருகாணியை முடுக்கிக்கொண்டே அண்ணன் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நாளாக் கண்ணுல கொசு பறக்கற மாதிரி இருக்கு. தூக்கம் பத்தல போல" என்றான் அவன்.

அண்ணன் முடுக்குவதை நிறுத்தினார். "கொசு மட்டுமா? மின்னல் மாதிரி ஏதாவது?"

"ஆமா. இன்னைக்கு ஓரத்துல திரை விட்ட மாதிரி கருப்பா இருக்கு. அது பரவாயில்ல, அந்தப் பக்கம் நான் பார்க்கிறதே இல்லை."

அண்ணன் கடை விளக்கை அணைத்தார். கண் பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பி வெளியே அனுப்பினார். தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். விழித்திரை கிழிந்து, பின்னாலிருந்து கழன்றுகொண்டிருந்தது. கிட்டப் பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு வரக்கூடியதுதான் என்றார் மருத்துவர். அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்தார்கள். கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை வைத்து, விழித்திரை ஒட்டிக்கொள்ளும் வரை குப்புறவே படுத்திருக்க வேண்டும், தலையைத் தூக்கக் கூடாது, கணினி, போன் என்று திரை எதையும் பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

மாடிப்படி ஏற முடியாது என்பதால் கீழே முன்னறையில் கட்டில் போட்டார்கள். அவன் தரையைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தான். கணவர் கடைக்குப் போக வேண்டும். அவள் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, கணினியை எடுத்துவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். முதல் நாள் இருவரும் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அவன் டம்ளரை விரலால் தட்டுவான்.

இரண்டாம் நாள் மதியம் அவன் தரையிடம் கேட்டான்:

"துழாவி பக்கத்துல யாராவது ஏதாவது எழுதியிருக்காங்களா?"

அவள் திறந்து பார்த்தாள். பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. துழாவி எந்தக் கணினி மொழியில் எழுதப்பட்டதோ, அந்த மொழியின் புதிய பதிப்பு அந்த வாரம் வெளிவந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்களின் தளங்களில் துழாவி கிளம்பவே மறுத்தது. தேடல் நின்று போயிருந்தது.

"நிறைய எழுதியிருக்காங்க" என்றாள்.

"படிங்க."

"டாக்டர் திரை பார்க்கக் கூடாதுன்னாரு."

"காதால கேட்கக் கூடாதுன்னு சொல்லலையே."

அவள் படித்தாள். திட்டியிருந்த இடங்களில் நிறுத்தவும் இல்லை, அழுத்திப் படிக்கவும் இல்லை. ஒருவர், "அண்ணி அப்பவே சொன்னாங்க" என்று எழுதியிருந்தார். அந்த வரியையும் படித்தாள். தான் எழுதியது பலித்துவிட்டது என்று அவளுக்கு அப்போது உறைத்தது. அதில் ஒரு ருசியும் இல்லை. அடுத்ததற்குப் போனாள்.

"இங்க ஒரு அம்மா திருத்தம் அனுப்பியிருக்காங்க. கணக்கு டீச்சர்னு போட்டிருக்கு. வரப்போற புதுப் பதிப்புல இது உடையும், இப்படி மாத்துங்கன்னு எழுதி, மாத்தியும் குடுத்திருக்காங்க. ஆனா இது இந்த வாரம் அனுப்பினது இல்ல. ரொம்ப நாளாகுது."

அவள் பக்கத்தை இன்னும் கீழே இறக்கிப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடியும் அனுப்பியிருக்காங்க போல. நீ எதுக்குமே பதில் போடல."

"அவங்க எழுதற விதம் எனக்குப் பிடிக்காது அண்ணி. ஒரே வரியில முடியறதை நாலு வரியா எழுதுவாங்க. குழந்தைக்குச் சொல்ற மாதிரி."

அவன் அண்ணி என்று சொன்னதை இருவருமே கவனித்தார்கள், கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

"பிடிக்க வேண்டாம். வேலை செய்யுமா அது?"

"பார்த்தாத்தான் தெரியும். படிங்க."

அவள் நிரலாளர் இல்லை. கருவியை ஓட்டத் தெரியும், உடைக்கத் தெரியும், எழுதத் தெரியாது. இருந்தாலும் அந்தத் திருத்தத்தை அடையாளம் அடையாளமாக வாசித்தாள். "அடைப்புக்குறி திறக்குது. அதுக்குள்ள 'சொல்', காற்புள்ளி, 'நீளம்'. அடைப்புக்குறி மூடுது. அடுத்த வரி, கொஞ்சம் தள்ளி ஆரம்பிக்குது." தபால்காரர் வந்தவர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, மந்திரமோ என்னவோ என்று தொந்தரவு செய்யாமல் தபாலைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார். நடுநடுவே அவன் நிறுத்தச் சொல்வான், திரும்பப் படிக்கச் சொல்வான். ஒரு இடத்தில், "அந்த அடைப்புக்குறி வளைவா, சதுரமா?" என்று கேட்டான். வெயில் சன்னலை விட்டு இறங்கிய பிறகுதான் முடிந்தது.

"நல்லா எழுதியிருக்காங்க" என்றான் அவன், தலையணைக்குள்.

"நாலு வரியா இருக்கே?"

"நாலு வரியா இருந்ததாலதான் காதால கேட்டே புரிஞ்சுது."

அவன் கடவுச்சொல்லைச் சொன்னான். அவள் அந்தத் திருத்தத்தை ஏற்று, புதிய பதிப்பாக வெளியிட்டாள். அது மட்டும் போதாது, நான் எழுந்திருக்கிற வரைக்கும் அந்த அம்மாவே வெளியிடும்படி அனுமதி கொடுத்துவிடுங்கள் என்றும் அவன்தான் சொன்னான். அப்படிச் செய்யச் சொல்லி அவள் கேட்டிருக்கவில்லை. ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னான். இவ்வளவு நாள் பதில் போடாததற்கு ஒரு சாக்குச் சொல்லி ஆரம்பித்தான், பாதியில் அதை அழிக்கச் சொன்னான். "மன்னிக்கணும், உங்க திருத்தம் சரி, உதவி வேணும்னு மட்டும் போடுங்க."

ஆசிரியை அன்றே பதில் எழுதினார். பரீட்சைத்தாள் திருத்துகிற காலம், ஆனாலும் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கூடவே, துழாவியைப் பயன்படுத்தும் அகராதித் தளத்தை நடத்துகிறவரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். அவன் அதற்கும் சரி என்றான்.

விழித்திரை ஒட்டிக்கொண்டது. பார்வை முழுசாகத் திரும்பவில்லை. அந்தக் கண்ணால் பார்த்தால் நேர்க்கோடு லேசாக நெளிந்து தெரிகிறது என்பான். நீண்ட நேரம் திரை பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிறுவன வேலையே பாதி நாளைச் சாப்பிட்டுவிட, துழாவிக்குக் கொஞ்ச நேரம்தான் மிஞ்சியது. அவன் திரும்பிப் போனபோது அங்கே வேறு சில ஆட்களும் சேர்ந்திருந்தார்கள். எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். அவன் ஆசையாக எழுதிய ஒரு பகுதியை யாருமே பயன்படுத்தவில்லை என்று எடுத்துவிட்டார்கள்.

"நான் எழுதின கருவியில எனக்கே ஒரு ஓட்டுதான் அண்ணி" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான்.

"அந்தப் பகுதி யாருக்காவது தேவைப்பட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப எடுத்தது சரிதானே?"

"சரிதான். அதுக்காக எனக்குப் பிடிக்கணுமா?"

"பிடிக்க வேண்டாம்" என்றாள். அவன் இன்னொரு தடவை சோறு போட்டுக்கொண்டான்.

அடுத்த வருஷம் அவள் தேடுகருவிகளை மறுபடியும் ஒப்பிட்டாள். அண்ணி என்ற முதல் வரி அப்படியே இருந்தது. ஒரே ஆள் என்ற வாசகம் போய்விட்டது. ஆனால் துழாவியின் வேகம் முன்பு போல இல்லை, எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை காத்திருப்பதால் புதிய பதிப்புகள் தாமதமாக வருகின்றன, புதிய ஏற்பாடு நிலைக்கிறதா என்று இன்னும் கொஞ்ச நாள் பார்க்க வேண்டும் என்று எழுதினாள். இதற்குள் சல்லடையும் எழுத்துப் பிழைகளைப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. எப்படி என்று பார்த்தால், துழாவியில் திறந்து வைத்திருந்ததை எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருந்தார்கள். எடுத்துக்கொண்ட இடத்தில் நன்றியும் போட்டிருந்தார்கள். அலுவலகம் சல்லடையிலேயே இருந்துவிட்டது.

இந்தத் தடவை வெளியிடுவதற்கு முன்னால், இரண்டு கருவிக்காரர்களுக்கும் அனுப்பி, தகவல் பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டாள். அதன் பிறகு எல்லாக் கருவிக்கும் அப்படியே செய்தாள். துழாவிக்காரர்கள் சார்பில் கொழுந்தன்தான் படித்தான்.

"பிழை ஒண்ணும் இல்ல. ஆனா எழுதினவங்க பட்டியல்ல என் பேரு நாலாவதா இருக்கு."

"அகர வரிசையில போட்டிருக்கேன்."

"தெரியுது. சும்மா சொன்னேன்."

பள்ளி விடுமுறையில் ஆசிரியை அந்தப் பக்கம் வரவேண்டியிருந்தது. வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார்கள். அவன் கற்பனை செய்து வைத்திருந்ததைவிட வயதில் பெரியவர், குட்டையான ஆள், குரல் மட்டும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரல். செருப்பைக் கழற்றும்போதே, சொற்களை எந்த வரிசையில் அடுக்கிவைப்பது என்பதைப் பற்றி அவன் போன வாரம் எழுதியது முழுக்கத் தப்பு என்று ஆரம்பித்துவிட்டார். அவனும் விடவில்லை. சாப்பாட்டுக்கு நடுவே தட்டுகளை நகர்த்தி, கரண்டிகளை வரிசையாக வைத்து, இது ஒரு சொல், இது ஒரு சொல் என்று இருவரும் குரலை உயர்த்திக்கொண்டே போனார்கள். ஆசிரியை அவன் கரண்டி ஒன்றை எடுத்து மறுபக்கம் வைத்தார். அவன் அதைத் திருப்பி வைத்தான்.

கணவர் அவள் பக்கம் சாய்ந்து, "என்னம்மா, சண்டை போடறாங்களா? நடுவுல போகட்டுமா?" என்றார்.

"சண்டை இல்லைங்க. வேலை பார்க்கறாங்க. நீங்க சாப்பிடுங்க."

"என் கரண்டியையும் எடுத்துட்டாங்களே."

அவள் எழுந்துபோய் வேறு கரண்டி எடுத்துவந்து கொடுத்தாள். சாப்பாடு முடிந்து, கை கழுவி, வாசலில் நின்றும் அந்த விவாதம் ஓயவில்லை. இரண்டு பேருக்கும் ஒத்துவராததால், அகராதித் தளத்துக்காரரின் ஓட்டைக் கேட்டுவிடலாம் என்று முடிவானது. ஆசிரியை போனை எடுத்தார், மணியைப் பார்த்தார், உள்ளே வைத்துக்கொண்டார். அகராதித் தளத்துக்காரர் வெளிநாட்டில் இருப்பவர், அங்கே அப்போது பொழுது விடிந்திருக்கவில்லை.